பத்துக்கு இரண்டு

"எட்டு வாரமா ஒரே பாடம், ஐயா. இன்னைக்காவது சரியா சொல்லுங்க. காலை எந்தத் தண்ணியில கழுவணும்?"

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தலையைச் சொறிந்தார். "கொதிக்கிற தண்ணியிலதானே?"

நர்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

சர்க்கரை நோயாளிகள் தங்கள் பாதத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கற்கிறார்களா என்று ஓர் ஆய்வு. முப்பது வீடுகள் அவள் பொறுப்பு. இருபத்தொன்பது வீட்டில் இரண்டே வாரத்தில் ஒப்பித்துவிட்டார்கள். இவர் ஒருவர்தான் தேறாத கேஸ்.

"வெதுவெதுப்பான தண்ணி, ஐயா. முழங்கையை விட்டுச் சூடு பாருங்க. கழுவினதும் விரல் இடுக்கை ஒத்தித் துடைக்கணும்."

"சொன்னா மண்டையில ஏற மாட்டேங்குது, சிஸ்டர். என் கால்லயோ உணர்ச்சியே கிடையாது. போன வாரம் மாதிரி உங்க கால்லயே ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்களேன்."

ஒவ்வொரு வாரமும் இதே கதைதான். பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் தயாராக இருக்கும். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியும்.

ஏழு மாத வயிற்றோடு அவள் மெல்ல உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

அறையே லேசாக மிதந்தது. ஜன்னல் திரை மூச்சு விடுவது போல் உப்பி, அடங்கியது. டப்பில் விழுந்த வெயில் கூரையில் ஏறி நெளிந்தது. தெருச் சத்தம் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. இன்னும் ஏற வேண்டிய படிகளும் நிரப்ப வேண்டிய தாள்களும் வேறு யாருடைய வேலையோ போல விலகிப் போயின.

"ரொம்ப நேரம் ஊற வைக்கக் கூடாது, ஐயா..." என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் சொருகியது.

"ஏன் கூடாது?"

"தோல் ஊறிப்போயிடும்... புண்ணு வரும்..."

அவள் தலை நாற்காலியில் சாய்ந்தது.

"க்ரீம் எங்க தடவணும்?"

"குதிகால்ல... இடுக்குல வேண்டாம்..."

வயிற்றுக்குள் குழந்தை சோம்பலாகப் புரண்டு படுத்தது.

அவள் திடுக்கிட்டு விழித்தபோது கால் மணி நேரம் ஓடியிருந்தது. எதிரில் டிரைவர் சத்தம் வராமல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சுருக்கென்று கோபம் வந்தது. "நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், நீங்க பேப்பர் படிக்கிறீங்க!"

"தப்புதான், சிஸ்டர்."

"உங்களுக்கு இதுதான் கடைசி வாரம். பத்துக்கு ரெண்டுதான் போட முடியும். கீழே, 'தனியாக இருக்கத் தகுதியில்லை'ன்னு டிக் பண்ணணும். இந்த வீட்டைப் பூட்டிட்டு உங்களை முதியோர் இல்லத்துல சேர்க்க உங்க பையன் காத்துக்கிட்டிருக்கார். அதுவாவது ஞாபகம் இருக்கா?"

டிரைவரின் முகம் ஒரு கணம் வாடியது. வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"உங்களுக்குச் சரின்னு பட்டதைப் போடுங்க. படியில ஈரமா இருக்கு, பார்த்துப் போங்க."

தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தன்மேலேயே அக்கறை இல்லாதவரை என்ன செய்வது? நடையில் நின்றபடியே தாளில் 'இரண்டு' என்று அழுத்தி எழுதி, கீழே டிக்கும் போட்டாள்.

அடுத்த வீட்டில் ஒரு தையல்காரம்மா. சர்க்கரை என்று தெரிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆய்வில் புதிதாகச் சேர்க்க வேண்டிய ஆள். இனிமேல்தான் பாடமே ஆரம்பம்.

அவளுடைய பாதத்தைப் பார்த்ததும் நர்ஸ் அசந்துபோனாள். ஒரு வெடிப்பு இல்லை. நகமெல்லாம் நேராக வெட்டியிருந்தது.

"முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பேன், சிஸ்டர். ஒத்தித் துடைப்பேன். இடுக்குல க்ரீம் போட மாட்டேன். கண்ணாடியைத் தரையில வெச்சு உள்ளங்காலைப் பார்ப்பேன்."

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன்தான். இந்த மாடியில நாலு பேருக்கு அவர்தான் வாத்தியார். தினம் காலையில முதல்ல தன் காலைக் கழுவித் துடைச்சுக் காட்டுவார். அப்புறம்தான் எங்களைச் செய்ய விடுவார்."

நர்ஸ் அப்படியே சுவரோரம் சாய்ந்தாள். பிறகு பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். இரண்டை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினாள். டிக்கையும் மாற்றினாள்.

"எல்லாம் தெரிஞ்சவர் என்கிட்ட மட்டும் ஏங்க இப்படி?"

தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் கேட்டேன் சிஸ்டர். 'மார்க் போனாப் போகுது. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு காலும் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு. உட்காரும்மான்னா வேலை இருக்குன்னு ஓடுது. பாடம் நடத்துன்னாதான் உட்காருது'ன்னார்."