ஏழாவது விதி

"எந்த முட்டி? வலதா, இடதா?" என்று கேட்டார் கேப்டன்.

"ரெண்டும்தான், அத்தான்," என்றான் மைத்துனன்.

பாறை உச்சியில் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. மூன்று கயிறு நீள உயரத்தை இருவரும் காலையிலிருந்து செங்குத்தாக ஏறி வந்திருந்தார்கள். அதுவரை வாயைத் திறக்காத மைத்துனன், இறங்கும் நேரம் பார்த்து இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கேப்டன் உட்காரவில்லை. உச்சியில் தலைவன் உட்காரக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு பாறையில் சாய்ந்து, இடுப்பில் கை வைத்து, தொலைவைப் பார்த்தபடி நிற்பார். அவர் எந்தப் படையிலும் இருந்தவரில்லை. குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையேற்றக் குழுவைத் தொடங்கிய அன்று தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பதவி அது.

"கீழே இருபது பேர் காத்துக்கிட்டு இருக்காங்கடா. எல்லாரும் புதுசா சேர்ந்தவங்க. போட்டோகிராஃபர் வேற வந்திருக்கார். பேனரைப் பார்த்தியா இல்லையா?"

பார்த்திருந்தான். பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஐம்பதே நிமிடத்தில் ஓடி இறங்கும் எங்கள் கேப்டனை வரவேற்கிறோம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் கேப்டன். வருடா வருடம் அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் புதியவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"நீங்க ஓடுங்க அத்தான். நான் தனியா கயித்துல இறங்கிக்கிறேன், முட்டிக்குப் பாரம் இருக்காது."

"தனியாவா? ஜோடியா ஏறினா ஜோடியாத்தான் இறங்கணும். அது ரெண்டாவது விதி."

"அப்போ ஏழாவது விதிப்படி போயிடலாம்."

கேப்டனின் முகம் சுருங்கியது. யாருக்கு வலிக்கிறதோ அவரே இறங்கும் வழியை முடிவு செய்வார் என்பது ஏழாவது விதி. குழுவின் இருபத்திரண்டு விதிகளையும் எழுதியவர் அவர்தான். அவற்றில் ஏதாவது ஒன்று தன்மீதே பாயும் என்று அவர் நினைத்ததில்லை.

"எழுதினவனுக்கே விதி சொல்லிக் குடு. உங்கக்கா பிடிவாதம் பிடிச்சாளேன்னு உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். எப்பவும் வர்ற செயலாளர் வந்திருந்தா இந்நேரம் பாதி வழி போயிருப்பேன்."

மைத்துனன் குந்தி உட்கார்ந்து, இரண்டு கயிறுகளையும் பிரித்துச் சிக்கெடுக்கத் தொடங்கினான்.

"ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போடு. மூணே இறக்கத்துல தரைக்குப் போயிடலாம்," என்றார் கேப்டன்.

"முடிச்சு விரிசல்ல மாட்டிக்கிட்டா திரும்ப ஏறிப்போய் எடுக்கணும். ஒரு கயித்தை ரெண்டா மடிச்சுப் போடுவோம். ஆறு இறக்கம். ஒவ்வொரு திட்டுலயும் பத்து நிமிஷம் நின்னுட்டுப் போகலாம்."

"பத்து நிமிஷமா? ஊர்வலமா போறோம்?"

"முட்டி, அத்தான்."

அந்தச் சொல்லுக்கு எதிராகக் கேப்டனிடம் விதி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இடுப்பு வாரில் மாட்டினார்.

முதல் திட்டில் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது திட்டில் மைத்துனனின் வம்சத்தையே திட்டத் தொடங்கி, தன் மனைவியும் அதே வம்சம்தான் என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்தினார். மூன்றாவதில், இழுத்த கயிறு மேலே ஒரு புதரில் சிக்கிக்கொண்டது. உதறி உதறி விடுவிப்பதற்குள் பேனரில் போட்டிருந்த ஐம்பது நிமிடம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"முப்பத்தஞ்சு வயசுல முட்டி போச்சுன்னா உனக்கெல்லாம் எதுக்குடா மலை? வீட்டுல உட்கார்ந்து கேரம் ஆட வேண்டியதுதானே."

"ஆடுறேன் அத்தான். காலை மெதுவா ஊணுங்க, அங்க ஈரமா இருக்கு."

"எனக்கா சொல்லித் தர்றே?"

தரையைத் தொட்டபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பாறையில் கயிறு தொங்குவதைப் பார்த்துவிட்டு, பாதை முனையில் நின்றிருந்த கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. யாரோ விவரம் தெரிந்தவர்கள், ஐம்பது நிமிடம் என்ற வரி உள்ளே போகும்படி பேனரை மடித்துப் பிடித்திருந்தார்கள்.

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் நினைச்சிருந்தா ஓடியே வந்திருப்பேன். ஆனா ஒரு தலைவன் தன்னோட வேகத்தைப் பார்க்க மாட்டான். கூட வந்தவனோட முட்டியைத்தான் பார்ப்பான்."

கைதட்டல் எழுந்தது. ஒரு பெண் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டாள். மைத்துனனைக் கைத்தாங்கலாக அழைத்து வருவதுபோல் கேப்டன் அவன் தோளில் கை போட்டார். இன்னும் கொஞ்சம் நொண்டச் சொல்லி போட்டோகிராஃபர் இரண்டு படம் எடுத்தார்.

கேப்டனைச் சுற்றிக் கூட்டம் கூடிக்கொண்டது. மைத்துனன் நொண்டி நொண்டி, மரத்தடியில் நின்ற காருக்கு வந்தான். ஓட்டுநர் இருக்கையில் அவன் அக்கா இருந்தாள். கணவர் பேச்சில் மும்முரமாக இருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டு, கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"போதும்டா நொண்டினது. அவர் முட்டி எப்படி இருக்கு?"