நாலாவது கிளாஸ்

"அக்கா, நான் கேட்டது நாலு பீர். இது என்ன?"

ஜெயந்திரனின் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. மேசையில் மூன்று பீர் கிளாஸ்களும் ஓர் எலுமிச்சை ஜூசும் இருந்தன. ஜூஸ் விமலனுக்கு முன்னால் இருந்தது.

"சாரி சார். மாத்தி எடுத்தாந்துட்டேன்" என்றார் அமுதவள்ளி.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் கௌபாய் தொப்பி. கொண்டைக்கு மேல் உட்காராமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. காலில் முட்டி வரைக்கும் பூட்ஸ். கிள்ளானில் அந்த பாரில் வேலை பார்க்க வேண்டுமென்றால் இந்த வேஷத்தைப் போட்டே ஆக வேண்டும். சுவரில் வண்டிச் சக்கரம், மாட்டுக் கொம்பு. உட்கார வைக்கோல் கட்டு. அமெரிக்க நாட்டுப்புறமாம். குதிரை ஒன்றுதான் குறை.

ஜெயந்திரனுக்கு அன்று ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. பண்டமாரானில் ஒரு லோரி கம்பெனிக்கு மேனேஜர். துறைமுகத்தில் மூன்று வாரமாகச் சிக்கிக் கிடந்த கண்டெய்னர்கள் அன்று காலையில்தான் வெளியே வந்திருந்தன. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், கூடவே மாரடித்த மூவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னிக்கு நான் பெலாஞ்சா, எல்லாம் என் செலவு. யாரும் நழுவக் கூடாது. டீம்னா டீமா குடிக்கணும் லா" என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தார்.

ஜூஸ் திரும்பிப் போனது. பதினைந்து நிமிடம் ஆகியும் பீர் வரவில்லை. நாலாவது கிளாஸ் வரட்டும் என்று மற்றவர்களும் தொடாமல் இருந்தார்கள். நுரையெல்லாம் அடங்கிவிட்டது.

"அக்கா!"

அமுதவள்ளி வெறுங்கையோடு வந்தார்.

"அந்த பீர் முடிஞ்சி போச்சி சார்."

பக்கத்து மேசைக்கு அதே பீர் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப அது என்ன, மோரா?"

"பாக்குறேன் சார்."

"பரவால்ல பாஸ், நீங்க குடிங்க. எனக்கு வேணாம்" என்றான் விமலன். அவன் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஆறு மாதம் முடியவில்லை.

"நீ சும்மா இரு. பரவால்ல, பரவால்லன்னு சொல்லித்தான் நம்மள எல்லா எடத்துலயும் இப்படி நடத்துறாங்க."

ஒரு வழியாக நாலாவது கிளாஸ் வந்தது. வந்த வேகத்தில், மேசைக்கு ஓரடி முன்னால் அமுதவள்ளியின் கால் இடறியது. மேசையெல்லாம் பீர். பாதி ஜெயந்திரனின் மடியில்.

மூன்று வார அலுப்பும் ஒன்றாகச் சேர, ஜெயந்திரன் எழுந்து நின்றார்.

"ஒரு பீர் கொண்டாரத் தெரியல, நீங்கள்லாம் எதுக்கு வேலைக்கு வர்றீங்க? எங்க மேனேஜர்?"

மேனேஜர் நாகையா துண்டோடு ஓடி வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு அமுதவள்ளி பக்கம் திரும்பினார். அவருக்கும் இது பிடிக்காத வேலை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இதோட மூணாவது கம்ப்ளேன் அக்கா. முதலாளி என்ன சொல்லியிருக்காருன்னு உங்களுக்கே தெரியும். சார் எழுதிக் கொடுத்துட்டா, உங்கள வெச்சிருக்க முடியாது."

"தெரியும் சார்."

அவ்வளவுதான் சொன்னார். தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு சாக்கும் சொல்லவில்லை. அதுதான் ஜெயந்திரனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் கெஞ்சியிருந்தால்கூட மனம் இளகியிருப்பார்.

"கம்ப்ளேன் பாரத்தக் கொடுங்க, எழுதுறேன்."

நாகையா தயங்கித் தயங்கி ஒரு பாரத்தையும் பேனாவையும் நீட்டினார். ஜெயந்திரன் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்.

"கஸ்டமர் கேட்டதைக் கொடுக்கத் தெரியவில்லை. சரிதானே? நீங்கள்லாம் பாத்தீங்கல்ல?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். விமலன் ஆட்டவில்லை. இவ்வளவு நேரமும் அமுதவள்ளி துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்துப் போடாதீங்க பாஸ்."

"ஏன்?"

விமலன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்குறேன் பாஸ். விரதத்துல இருக்கேன். என் வைஃபுக்கு ரெண்டு தடவ தங்கல. இப்ப அஞ்சாம் மாசம்."

ஜெயந்திரன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன லா?"

"டீம்னா டீமா குடிக்கணும்னு சொன்னீங்க. திங்கக்கெழம என் வேலைய கன்ஃபர்ம் பண்றதும் நீங்கதான். பயந்துட்டேன் பாஸ். வந்ததும் கை கழுவப் போனப்ப இவங்க கயித்தப் பாத்துட்டாங்க. நான்தான் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

"விடுங்க தம்பி" என்றார் அமுதவள்ளி, துணியைப் பிழிந்தபடி. "எனக்கு இது பழக்கம்தான்."

விமலன் விடவில்லை. இப்போது விட்டுவிட்டால், எந்த முகத்தோடு பால்குடம் தூக்குவது? அந்தப் பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, ஜெயந்திரன் எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்தான்.

"இது பொய் பாஸ். எனக்கு என்ன வேணும்னு இங்க கேட்டது இவங்க ஒருத்தங்கதான். நான் கேட்டதத்தான் மொதல்ல கொண்டாந்து வெச்சாங்க."