இன்னும் கொஞ்சம் பேஸ்

“புருஷன் போய் இருபது நாள். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலை. கல்நெஞ்சம்.”

கொழுந்தன் இதை ரெக்கார்டிங் கடைக்காரரின் காதில்தான் சொன்னார். அண்ணிக்குக் கேட்கும்படி சொன்னார். உறவுக்காரர்களின் ரகசியம் அப்படித்தான்.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“அழாதவங்களுக்குக் கேசட் எதுக்குன்னு கேளுங்க. நான் கேட்டாப் பொல்லாப்பு.”

இறந்தவர் வானொலிப் பேச்சாளர். ஊரே மயங்கிய குரல். வீட்டிலேயே ஓர் அறையில் அடைந்துகொண்டு பேசிப் பதிவு செய்து அனுப்புவார். மிஞ்சியது ஒரே ஒரு கேசட். அதிலும் ஏகப்பட்ட இரைச்சல். கடைக்காரர் மூன்று நாள் மெனக்கெட்டுச் சுத்தம் செய்திருந்தார்.

“கேளுங்கம்மா. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கும்.”

போட்டார்.

“அன்பு நேயர்களே! வீடு என்பது நான்கு சுவர் அல்ல. கணவனும் மனைவியும் தினம் பத்து நிமிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள்...”

கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அண்ணன்! அப்படியே அண்ணன்!”

அண்ணி தலையை ஆட்டினாள். “இது அவர் குரல் இல்லை.”

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. “நீங்க கொடுத்த கேசட்தாம்மா.”

“அந்தக் கட்டையான சத்தத்தைக் கூட்டுங்க.”

“பேஸா?”

ஈக்வலைசரில் இடக்கோடிப் பட்டனை ஒரு நூல் மேலே தள்ளினார்.

“இன்னும்.”

தள்ளினார்.

“இன்னும் கொஞ்சம். கீச்சுனு கேட்கறதை எல்லாம் குறைச்சிடுங்க.”

“வார்த்தையே அதுலதாம்மா இருக்கு! குறைச்சா, பானைக்குள்ள பேசற மாதிரி கும்முனு கேட்கும்.”

“கேட்கட்டும்.”

“காது போச்சு” என்றார் கொழுந்தன். “ரசனையும் போச்சுன்னு சொல்லலாம். எப்ப இருந்தது, போறதுக்கு?”

கடைக்காரர் பொறுமை இழந்தார். மூன்று நாள் உழைப்பு. இடப்பக்கப் பட்டன்களை உச்சிக்கு ஏற்றினார். மற்றதை எல்லாம் அடிமட்டத்துக்கு இறக்கினார்.

“இந்தாங்க. போதுமா?”

உச்சரிப்பு போயிற்று. வார்த்தை போயிற்று. ம்ம்... ம்ம்ம்... என்று முழக்கம் மட்டும். மேஜை அதிர்ந்தது.

அண்ணி எழுந்தாள். ஸ்டூலை இழுத்து ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டிப் போட்டாள். பெட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அதில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடினாள்.

தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டு அழுதாள்.

கடைக்காரர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

“நிறுத்தாதீங்க. இவர்தான்.”

கொழுந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன அண்ணி இது? ஒரு வார்த்தைகூடப் புரியலையே!”

“முப்பது வருஷமா எனக்கும் புரியலை, தம்பி. உங்க அண்ணன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு ஊரோட பேசுவார். நான் வெளியே, கதவுல முதுகைச் சாய்ச்சு உக்காந்திருப்பேன். எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்.”