விட்டுப்போன எழுத்து

சித்திரக்கதைகளில் மந்திரவாதி ஓதும் மந்திரங்களைப் பூவராகன்தான் வாய்க்கு வந்தபடி எழுதுவார். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்த பெண்ணொருத்தி, நினைவிழந்த இளவரசனை மந்திரவாதி எழுப்பும் பக்கத்தை அவர் முன்னால் விரித்தாள்.

“எம் பொண்ணோட புஸ்தகம் சார். ஒரு மண்டலமா அவ தலைமாட்டுல உக்காந்து சொல்றேன். கண்ணே தொறக்க மாட்டேங்குறா. ஏதாச்சும் எழுத்து விட்டுப்போச்சா?”

“சும்மா இட்டுக்கட்டினதும்மா இது. ஆஸ்பத்திரியில காட்டுங்க.”

“அவங்கதான் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க.” அவள் குரல் கடுத்தது. “உங்க பொண்ணா இருந்தா இப்படி மறைப்பீங்களா?”

பூவராகன் பேனாவை எடுத்து, மந்திரத்தின் நடுவே ‘ரீம்’ என்று சேர்த்தார். கும்பிட்டுவிட்டுப் போனவள் வாசலில் நின்று திரும்பினாள்.

“இனிமே எத்தனை நாள்ல எழுந்திருப்பா சார்?”