நம்ம வீடு இருக்கும்போது

“உங்க அண்ணன் பையன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளிக்கொண்டே கேட்டாள் சித்தி.

“நீயே சொல்லு. எனக்கு அவன் மூஞ்சியைப் பார்த்தா பாவமா இருக்கும்” என்றார் சித்தப்பா.

“போன வருஷம் கல்யாண வீட்ல அத்தனை பேர் முன்னாடியும் அள்ளி விட்டீங்களே, ‘படிப்பை முடிச்சிட்டு வேலைக்கு எங்க ஊருக்கு வாடா, நம்ம வீடு இருக்கும்போது நீ எதுக்கு வாடகை ரூம்ல கிடக்கணும்’னு, அப்ப எங்க போச்சு இந்தப் பாவம்?”

“அவன் பாஸ் பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?”

சித்தப்பா வாயாலேயே பந்தல் போடுகிற ரகம். அண்ணன் நேற்று போன் செய்து, “பையனுக்கு வேலை கிடைச்சாச்சு, காலையில நேரா உன் வீட்டுக்குத்தான் வர்றான்” என்றபோது, என்ன வேலை, எந்த ஆபீஸ் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. “எத்தனை பெட்டி?” என்று மட்டும் கேட்டு வைத்தார்.

அவன் வருகிற நாளா இது? ரொம்ப காலமாக விலை போகாத வீட்டைப் பார்க்க இன்றைக்குத்தான் ஓர் ஆள் வருகிறார். புரோக்கர் ஆபீசிலிருந்தே ஒருவர் கூடவே கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இவரும் கைநழுவிப் போனால், முன்பணம் கட்டி வைத்திருக்கிற புது ஃபிளாட்டை மறந்துவிட வேண்டியதுதான். முன்னால் வந்தவர்கள் எல்லாம் சுவரில் ஏறியிருந்த ஓதத்தைப் பார்த்துவிட்டு, “போன்ல சொல்றோம்” என்று போனவர்கள். அதனால் இந்த முறை சுவருக்குப் பெயிண்ட் அடித்து, பெயிண்டுக்கும் அடங்காத இடத்தில் பீரோவை நிறுத்தியிருந்தாள் சித்தி.

காலிங்பெல் அடித்தது. வாசலில் பையன், இரண்டு கையிலும் பழப் பை. அவன் பின்னால் அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர், வியர்வையில் நனைந்த சட்டையோடு.

“பெட்டியை வெளியவே வைப்பா டிரைவர், வண்டியை எடுத்துட்டுப் போயிடாதே” என்றாள் சித்தி.

“சித்தி, இவர் வந்து...”

“இருடா, நான் சொல்லி முடிச்சிடறேன். உன்னைத் தங்க வெச்சுக்கணும்னு எங்களுக்கு ஆசை இல்லையா? ஆனா வீடு இருக்கிற லட்சணத்தை நீயே வந்து பாரு!”

கையைப் பிடித்து இழுத்துப் போய், சற்று முன் மூச்சு வாங்கத் தள்ளிய பீரோவை மறுபடி இழுத்து விட்டாள். சுவர் பாதிக்கு மேல் கறுத்து, உப்பிப் போயிருந்தது.

பின்னாலேயே வந்த அந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்தார். “உள்ள வரைக்கும் ஈரமா இருக்குமோ?”

“உள்ள வரைக்கும் என்னப்பா, விரலால குத்தினா அந்தப் பக்கம் வந்துடும்! மழை பெஞ்சா நாங்க குடை பிடிச்சிட்டுத்தான் சமைக்கிறோம்.”

“சித்தி, கொஞ்சம் நான் சொல்றதை...”

மனைவி இத்தனை அழகாக ஆரம்பித்து வைத்ததும் சித்தப்பாவுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. “தண்ணியைக் கேளுடா. ஒரே உப்பு. ஒரு மாசம் குளிச்சா உன் தலையில ஒரு முடி நிக்காது, என்னைப் பாரு!” என்று வழுக்கையைத் தடவிக் காட்டினார். அது அவர் அப்பாவிடமிருந்து வந்த சொத்து.

“பக்கத்து வீட்டுக்காரன் விடிய விடிய இரும்பு அறுக்கிறான்” என்றாள் சித்தி.

“மாடி ரூம்ல பாம்பு இருக்கு.”

“ரெண்டு பாம்பு!”

பையன் அந்த ஆளைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான். உதட்டில் விரல் வைத்துக்கூடக் காட்டினான். அவன் அழப்போகிறான் என்று நினைத்துக்கொண்ட சித்தப்பா, முடிவாக ஒரு போடு போட்டார்.

“இதெல்லாம்கூடப் பரவாயில்லடா. இந்த வீட்டு மேல பங்காளி கேஸ் நடக்குது. என்னிக்கு வேணா கோர்ட்ல இருந்து வந்து எங்களையே வெளிய தள்ளுவாங்க. உன்னை எந்த நம்பிக்கையில நான் இங்க தங்கச் சொல்வேன்?”

சித்தி திகைத்துப் போய்க் கணவனைப் பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் முதல் முறையாக அவர்மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

பையன் பழப் பைகளைக் கீழே வைத்தான். “நான் தங்க வரலை சித்தப்பா. ஆபீஸ்லயே எனக்கு ரூம் குடுத்துட்டாங்க.”

இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

“அடப்பாவி, அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?” சித்தி அவன் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். “எப்படி இளைச்சுப் போயிட்டான் பாருங்க! லீவு நாள்ல இங்க வந்து சாப்பிட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன். இப்ப மட்டும் சட்டுனு கிளம்புடா. வீட்டை விலைக்குப் பார்க்க ஒருத்தர் வர்ற நேரம். ஏம்ப்பா டிரைவர், சும்மா நிக்கிறியே, இந்தப் பீரோவை அந்தப் பக்கம் கொஞ்சம் பிடி. அந்த ஆள் வர்றதுக்குள்ள சுவரை மறைக்கணும்.”

பெட்டி தூக்கி வந்தவர் போய்ப் பிடித்தார்.

“விட்டுடுங்க சித்தி” என்றான் பையன். “எனக்கு வேலை கிடைச்சதே நீங்க சொல்லி வெச்ச அந்த புரோக்கர் ஆபீஸ்லதான். நம்ம சித்தப்பா வீடாச்சே, முதல் வேலையா நானே வித்துக் குடுக்கறேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து பாவம், இவரே என்னைத் தன்னோட கார்ல ஏத்திக்கிட்டார். பீரோவை அந்தப் பக்கம் பிடிச்சிட்டு நிக்கிறாரே, வீடு வாங்க வந்தவரே அவர்தான்.”