இரண்டு பேர் உள்ளே, ஒருவர் வெளியே

கூடாரத்துக்குள் இருவரும் குனிந்து நுழைந்தார்கள். அரை நிமிடத்தில் மனைவி மட்டும் வெளியே வந்தாள்.

வேண்டுமென்றே சருகை மிதித்துச் சத்தமாக நடந்து, நீரேற்று நிலைய வளாகத்தின் இரும்புக் கதவு வரை போய், அதை டமாலென்று சாத்தினாள்.

கூட்டைப் படம் எடுப்பவர்களின் பழைய தந்திரம் அது. பறவைக்கு எண்ணத் தெரியாது. இரண்டு பேர் வந்ததைப் பார்க்கும். ஓர் ஆள் போனதும் எல்லாரும் ஒழிந்தார்கள் என்று குஞ்சுகளிடம் வந்துவிடும்.

அவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். கூடாரத்தில் இருந்த ஒரே ஓட்டை வழியாக லென்ஸை நீட்டினான். பதினைந்து அடி தள்ளிச் செம்பருத்திப் புதர். இலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கொண்டைக்குருவியின் கூடு. விளிம்பு மட்டும் தெரிந்தது. குஞ்சுகள் உள்ளே ஒடுங்கிப் படுத்திருக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

வாரம் முழுக்க அவனுக்கு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் அளவு முகங்கள்தான். தாடையைத் தூக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சிரிக்கச் சொல்ல வேண்டாத முகங்கள்.

ஆனால் கூடு கண்டுபிடிப்பது அவனால் ஆகாத காரியம். அதற்கு மனைவியின் கண் வேண்டும். ஸ்டுடியோ கணினியில் தலைமுடியை இழை இழையாகப் பிரித்து, முகத்தின் பின்னணியை வெட்டி எடுக்கிற கண்.

போன வருடமும் அவள்தான் காட்டினாள். கூட்டை மறைத்த கிளையை அவன் கயிற்றால் இழுத்துக் கட்டினான். குஞ்சுகள் மேல் வெளிச்சம் அருமையாக விழுந்தது. படம் பரிசு வாங்கியது.

கட்டை அவிழ்க்க மறந்துவிட்டான். மறுநாள் காகம் வந்து மூன்று குஞ்சுகளையும் கொண்டுபோயிற்று.

பரிசுப் படம் ஸ்டுடியோ சுவரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அவள் எல்லாப் படங்களையும் துடைப்பாள், அதைத் தவிர.

இந்த வருடப் போட்டிக்கு ஒரு மாதமே இருந்தது. அவன் கெஞ்சிப் பார்த்தான். நீ காட்டாவிட்டால் நானே தேடிக்கொள்கிறேன் என்றான். அவன் தேடினால் ஒரு புதரையும் விட்டுவைக்க மாட்டான். அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் சம்மதித்தாள்.

"கூடாரத்த நான்தான் போடுவேன். போட்ட எடத்துலேருந்து ஒரு இஞ்ச் நகத்தக் கூடாது. ஒரு இலையத் தொட்டீங்க, அப்புறம் இந்த வருஷம் முழுக்கச் சமையல் நீங்கதான்."

பறவைக்குப் பழக வேண்டுமே என்று நாலு சாயங்காலம் அவளே வந்தாள். கூடாரத்தைத் தூரத்தில் நட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். அந்த அக்கறையில் அவனுக்கு மனம் குளிர்ந்து போயிற்று.

மணி ஏழரை.

கூடாரத்தின் உச்சியில் ஏதோ வந்து இறங்கியது. துணியில் நகம் பிறாண்டும் சத்தம். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வந்துவிட்டது. வேவு பார்க்கிறது.

விருட்டென்று ஒரு சிறகடிப்பு. முதுகுப்பக்கம் எங்கோ போய் அடங்கியது.

கூட்டுக்கு வரவில்லை.

ஐந்து நிமிடத்தில் மறுபடியும் உச்சி, மறுபடியும் நகம், மறுபடியும் முதுகுப்பக்கம். சரியான சந்தேகப் பிராணி என்று நினைத்துக்கொண்டான்.

கூட்டுக்கு முன்னால் இருக்கும் ஒரே ஒரு இலைக்கொத்தை ஒதுக்கிவிட்டால் ஒருவேளை தைரியம் வருமோ. கை தானாக எழுந்தது. எழுந்த கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

ஒன்பது மணிக்கு மதில்மேல் ஒரு காகம் வந்தது. தலையைச் சாய்த்துக் கூடாரத்தைப் பார்த்தது. என்ன தோன்றியதோ, போய்விட்டது.

கால் மரத்துப்போனது. கொசு காதுக்குள்ளேயே குடித்தனம் வைத்தது. ஆனாலும் ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. தன்னைப் பற்றி அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பதினொரு மணிக்குப் பிளாஸ்க்கோடு மனைவி கூடாரத்துக்குள் வந்தாள்.

"எத்தன படம்?"

"ஒண்ணுகூட இல்ல. தலைக்கு மேலயே வந்து உக்காருது, கூட்டுக்கு மட்டும் வர மாட்டேங்குது. உன் பறவைக்குக் கொழுப்பு ஜாஸ்தி."

"இருக்கும், இருக்கும்," என்றாள். தேநீரை ஊற்றிக் கொடுத்தாள்.

இருவரும் வெளியே வந்தார்கள். கூடாரத்தைப் பிரிக்கலாமென்று அவன் கம்பியில் கை வைத்தான். அப்போதுதான் கூரையைப் பார்த்தான்.

உச்சியில், ஒரே இடத்தில், வெள்ளை வெள்ளையாக எச்சம். இருபது இருக்கும், முப்பதும் இருக்கும். நடுவில் அலகிலிருந்து நழுவிய பச்சைப் புழு ஒன்று இன்னும் நெளிந்துகொண்டிருந்தது.

அவனுக்குக் கூடு தேடத் தெரியாதே தவிர மற்றதெல்லாம் தெரியும். இரையோடு வரும் பறவை நேரே கூட்டுக்குப் போகாது. முதலில் அருகில் ஓர் இடத்தில் உட்கார்ந்து நாலாபக்கமும் பார்க்கும். பிறகுதான் குஞ்சுகளிடம் போகும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் உட்காரும்.

செம்பருத்திக் கூட்டை முதல்முறையாகக் கேமரா இல்லாமல் பார்த்தான். வெளுத்து, அடி பிய்ந்து, எப்போதோ காலியான கூடு.

மெல்லக் கழுத்தைத் திருப்பப் போனான்.

"திரும்பாதீங்க," என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "வாயில பூச்சிய வச்சுக்கிட்டு நிக்குது. நாம போனாத்தான் குடுக்கும்."

"எவ்வளவு தூரம்?"

"உங்க முதுகுலேருந்து இருபது அடி. அளந்துதான் வச்சேன்."

கேமரா கழுத்தில் கனத்தது. அவன் நேராகவே நடந்தான்.

இரும்புக் கதவு வரை அவள் பக்கத்தில் வரவில்லை. அவன் முதுகை ஒட்டிப் பின்னாலேயே வந்தாள்.