காதில் சொன்ன பேர்

“அந்தக் கிழவி பேரையா வைக்கப் போற? உனக்குக் கொஞ்சமாச்சும் ரோசம் இருக்கா?”

அன்னக்கொடி தங்கையிடம் சீறினாள். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் ஆயா வேலை அவளுக்கு. தங்கை கண்மணிக்கு இரண்டாவதும் பெண். பேர் வைக்கிற நாள் என்று ஒரு நாள் லீவு கேட்டு, முதல் பஸ் பிடித்துப் பூண்டிக்கு வந்திருந்தாள். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

சொந்தபந்தம் வாசலில் காத்திருந்தது. உள்ளே அக்காளும் தங்கையும் மட்டும்தான். பிள்ளை தொட்டிலில் தூங்கியது.

“மெதுவாப் பேசுக்கா. அவரு காதுல விழுந்துரும்.”

“விழட்டும். மூத்தவ ஷீலா பொறந்தப்ப, பொட்டப்புள்ளைன்னு உனக்கு ஒரு வாய் வெந்நி வச்சுக் குடுத்தாளா உன் மாமியா? மூணாம் நாளே பூண்டுக் கட்டு தூக்க விட்டா. செத்து ஒரு வருசம் நீ நிம்மதியா இருக்கேன்னு பாத்தா, நீயே கூப்பிட்டுத் தொட்டில்ல போடுற.”

கண்மணி தொட்டிலை ஆட்டினாள்.

“கந்தம்மாவாம் கந்தம்மா. நம்ம ஆத்தா காலத்துல பழனிப் பக்கம் தெருவுக்கு நாலு கந்தம்மா இருந்தாளுக. சரி. இப்ப எங்க பள்ளிக்கூடத்துல நானூறு பிள்ளைக. நாலு சுமதி, மூணு ஷீலா. கந்தம்மான்னு ஒருத்தி உண்டு, சமையக்கட்டுல. அவளுக்கும் அறுபது தாண்டிருச்சு.”

“சாமி பேருதானக்கா. பழனியாண்டவரு பேரு, கந்தன்.”

“கந்தன் பேருதான் வேணும்னா கார்த்திகான்னு வையி. அதே சாமிதான். இந்த எம்பத்தி ரெண்டாம் வருசத்துல ஊரே அப்படித்தான் வைக்குது.”

மூத்தவளுக்கு ஷீலா என்று வைத்தவளே அன்னக்கொடிதான். பூண்டியில் அப்போது வேறு ஷீலா கிடையாது. அதில் அவளுக்கு இன்றைக்கும் பெருமை.

“நான் சொல்லி நீ கேக்கப் போறதில்ல. வச்சுத் தொலை. காதுல நீயே சொல்லு.”

“நான் எப்படிக்கா சொல்ல முடியும்?”

அதுதான் வேடிக்கை. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. கிழவி செத்தாலும் வழக்கம் சாகவில்லை. கண்மணியின் புருசன் சேனாதிபதிக்குக் கூடப் பிறந்தவள் கிடையாது. அத்தை இல்லாத பிள்ளைக்குப் பெரியம்மாதான் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டுமாம்.

“பெத்த பிள்ளையப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. வாடி போடின்னு கொஞ்சவும் முடியாது. எதுக்குடி உனக்கு இந்தப் பேரு? புருசனுக்கு ஐஸ் வைக்கவா?”

வாசலில் ஏதோ உருண்டது. காப்பித் தம்ளர்.

“ஏ ஷீலா, எடுபட்ட சிறுக்கி, கண்ணு எங்கடி இருக்கு?” சேனாதிபதியின் குரல். அதோடு பளாரென்று ஓர் அறை. பேர் வைக்கிற நாளிலும் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருந்தான்.

ஆறு வயது ஷீலா உள்ளே ஓடிவந்து அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அழக்கூட இல்லை. அவ்வளவு பழகியிருந்தது.

“இது எத்தனை நாளா நடக்குது?”

“குடிச்ச அன்னைக்கெல்லாம்.”

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

கண்மணி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணிலும் கோபம்தான்.

“சொன்னா என்ன செஞ்சிருப்ப? ஷீலாங்கிறது நீ ஆசையா வச்ச பேரு. அது அவரு வாயில வசவாப் போச்சு. ஆனா எம்புட்டுக் குடிச்சிருந்தாலும் அவரு ஆத்தா படத்துக்கு முன்னால சத்தம் வராது. ஆத்தா பேரச் சொல்லி வைய நாக்கு எழும்பாது, கை ஓங்காது. எனக்கு ரோசம் இல்லன்னு நீ சொல்லிக்க. இவளாச்சும் அடி வாங்காம வளரட்டும்.”

அன்னக்கொடி ஷீலாவின் கன்னத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கிழவி மேல் இருந்த கோபம் மொத்தமும் வாசல் பக்கம் திரும்பியது.

சொந்தபந்தம் உள்ளே வந்து உட்கார்ந்தது. அன்னக்கொடி பிள்ளையை மடியில் போட்டு, காதோடு காதாக, “கந்தம்மா, கந்தம்மா, கந்தம்மா” என்றாள்.

“எங்காத்தா வந்துட்டா” என்று சேனாதிபதி கண்ணைத் துடைத்தான். கூட்டம் உச்சுக்கொட்டியது.

பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அன்னக்கொடி எழுந்திருக்கவில்லை. ஷீலாவை இழுத்து மடியில் உட்கார வைத்தாள். விரல் பதிந்த கன்னத்தைக் கூட்டத்துக்குத் தெரியும்படி திருப்பி, அவள் காதிலும் அதே பேரை மூன்று தடவை சொன்னாள். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

“என்ன மதினி இது?” என்றான் சேனாதிபதி. “ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?”

“ஆமா தம்பி. பெரிய கந்தம்மா, சின்ன கந்தம்மா. ஷீலா நான் வச்ச பேரு, அதை நான் எடுத்துக்கிட்டேன். இனிமே கை அரிச்சா, உங்க ஆத்தாளப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அடிங்க.”